வானிலிருந்து மருந்தடிக்கும் முன் வயலில் இறங்கிப் பாருங்கள்

பூச்சி மருந்து தெளிக்க ஆளில்லாச் சிறு விமானம், அதாவது டிரோன், இப்போது கிராமங்களுக்கு வந்துவிட்டது. ஒரு ஏக்கருக்கு மருந்தடிக்கப் பத்து நிமிடம் போதும். முதுகில் டாங்கியைச் சுமந்து சேற்றில் நடக்க வேண்டியதில்லை. மருந்துப் புகையில் ஆள் நிற்க வேண்டியதும் இல்லை. கூலிக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும் சிறு விவசாயிக்கு இது பெரிய உதவி. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 டிரோன்கள் வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. ஆகவே இந்தக் கருவி இன்னும் பெருகத்தான் போகிறது.

இதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வானிலிருந்து மருந்தடிப்பது புதிய வித்தையல்ல. அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அந்த அனுபவத்தில் நாம் கற்க வேண்டிய பாடங்கள் உண்டு.

1921-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ம் தேதி, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் என்ற ஊருக்கு அருகே ஒரு மரத்தோப்பைப் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. அந்தத் தோப்பின் மேல் ஒரு சிறு விமானம் தாழப் பறந்து ஈய ஆர்சனேட் தூளைத் தூவியது. புழுக்கள் மடிந்தன. விமானத்தில் மருந்து தூவும் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. அது ஒரே சொந்தக்காரரின் பரந்த பண்ணைக்கு ஏற்ற தொழில். வரப்புக்கு வரப்பு சொந்தக்காரர் மாறும் நம்மைப் போன்ற நாடுகளில் அது என்ன செய்தது?

1968 முதல் 1970 வரை இந்தோனேஷியாவின் ஜாவாத் தீவில் அரசின் நெல் உற்பத்தித் திட்டத்தின் கீழ் விமானத்தில் மருந்து தெளித்தார்கள். பூச்சி உள்ள வயல், இல்லாத வயல் என்று பிரித்துப் பார்க்காமல் வட்டாரம் வட்டாரமாகத் தெளித்தார்கள். வயலுக்குச் சொந்தக்காரரின் கருத்துக்கு அதில் இடமில்லை. விமானத் தெளிப்பு நின்ற பிறகும் மானிய விலையில் மருந்து கொடுப்பது தொடர்ந்தது. 1970-களின் நடுவில் புகையான் பெருகி வயல்களை எரித்தது. கடைசியில் 1986-ல் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சி மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது. 1989-க்குள் மருந்து மானியமும் நிறுத்தப்பட்டது. அதனால் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

மருந்தடிக்க அடிக்கப் புகையான் ஏன் பெருகுகிறது? புகையானைத் தின்னும் சிலந்தியும் பச்சை நாவாய்ப்பூச்சியும் மருந்தில் முதலில் சாகின்றன. புகையானின் முட்டையோ இலை உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லை. செயற்கை பைரித்ராய்டு மருந்துகளை நெல்லுக்கு அடித்தால் புகையான் அதிகமாகும் என்று வேளாண் துறையினர் எச்சரிப்பதும் இதனால்தான்.

இன்னொரு பாடம் நமது அண்டை மாநிலத்தில் உள்ளது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், அரசுக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 2000 வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டத்துக்கு நடுவிலும் கீழும் வீடுகள், கிணறுகள், ஓடைகள் இருந்தன. அங்கு நோயுற்ற மக்களின் போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 மே மாதம் நீதிமன்றம் அம்மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க 2017-ல் உத்தரவிட்டது. பணம் கிடைத்தாலும் போன உடல்நலம் திரும்புமா?

டிரோன் அவ்வளவு உயரத்தில் பறப்பதில்லை; பயிருக்கு ஓரிரு மீட்டர் மேலேதான் பறக்கிறது. சரியாகப் பயன்படுத்தினால் ஹெலிகாப்டரைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு கணக்கைக் கவனியுங்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை, டிரோனில் சுமார் 10 லிட்டரில் கலக்கிறோம். அதாவது கரைசல் இருபது மடங்கு கெட்டி. துளியும் மிகச் சிறியது. காற்றடித்தால் இந்தக் கெட்டி மருந்துதான் பக்கத்து வயல் கீரையிலும், குளத்து மீன் மேலும், தேனீப் பெட்டியிலும், மாட்டுத் தீவனப் புல்லிலும் போய் விழும். மேலும் புகையான் உட்காருவது பயிரின் அடித்தூரில். பயிர் அடர்ந்த பின் மேலிருந்து விழும் துளி அங்கே போய்ச் சேருவது கடினம். இலையில் உள்ள நன்மை செய்யும் பூச்சிகளைத்தான் முதலில் கொல்லும்.

என் கவலை வேறொன்றும் உண்டு. "ஊரே சேர்ந்து அடித்தால் வாடகை குறையும்" என்ற பேச்சு எழுவது இயல்பு. வாடகைக்குச் சேர்வது நல்லதே. ஆனால் மருந்து தேவையா என்பதை ஊர் சேர்ந்து முடிவு செய்யக் கூடாது. அதை அவரவர் வயல்தான் சொல்ல வேண்டும். நெல்லில் தூர் ஒன்றுக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு புகையான் என்ற அளவை எட்டிய பிறகே மருந்து என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வயலில் இறங்கிக் குத்துகளைத் தட்டி எண்ணிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகாது. எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டு, தழைச்சத்தை அளவோடு இட்டு, பூச்சி தென்பட்டதும் தண்ணீரை வடித்துவிட்டால் பல சமயம் மருந்தே தேவைப்படாது.

சட்டமும் நமக்குத் துணையாக இருக்கிறது. 1971-ம் ஆண்டின் பூச்சி மருந்து விதிகளின்படி, வானிலிருந்து தெளிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட மருந்தை அனுமதித்த அளவில் மட்டுமே அடிக்க வேண்டும். சம்பந்தமில்லாத ஆட்களும் கால்நடைகளும் குறிப்பிட்ட நேரம் அந்த நிலத்தில் நுழையாமல் தடுக்க வேண்டும். இந்த விதி ஏட்டில் மட்டும் இருந்து பயனில்லை. முதல் நாளே தண்டோரா போட்டோ, கூட்டுறவுச் சங்கப் பலகையில் எழுதியோ, என்ன மருந்து, எந்த வயல், எத்தனை மணி என்று தெரிவிக்க ஊராட்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். காற்று வீசும் நேரத்திலும், தேனீக்கள் பூவில் மேயும் காலை வேளையிலும் பறக்க மாட்டோம் என்பதை டிரோன் வைத்திருப்போர் உறுதி சொல்ல வேண்டும். குளத்துக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடம் விட்டே தெளிக்க வேண்டும்.

பக்கத்து வயல்காரர் நம்மிடம் சொல்லாமல் மருந்தடித்தால் நமக்குக் கோபம் வருகிறது. நாம் டிரோனைக் கூப்பிடும் நாளில், நாம்தான் அந்தப் பக்கத்து வயல்காரர் என்பதை மறக்கலாகாது. முதல் நாள் மாலை வரப்பில் நின்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவதற்குச் செலவு எதுவும் இல்லை.