ஆடுகளமும் அறக்குரலும்

மாலை வந்ததும் ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி முதலாம் ஊர்களிலே வலை கட்டிக் கரப்பந்து ஆடும் இளைஞரைக் காணாத யாழ்ப்பாணத்தார் இலர். 1895 இல் அமெரிக்க நாட்டில் வில்லியம் மோர்கன் என்பார் வகுத்த இவ்வாட்டம் 1991 இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பெற்றது. கடற்கரை மணலில் இருவர் இருவராய் ஆடும் அதன் பிறிதொரு வடிவம் 1996 முதல் ஒலிம்பிக் விழாவிலும் இடம்பெறுகின்றது. இத்தகைய ஆட்டக்காரர் தம் காலத்து அநீதி பற்றி வாய் திறத்தல் தகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

தகாது என்பார் பலர். யாமும் ஒருகால் அங்ஙனமே கருதினோம். முன்னர் யாம் கற்பித்த பாடசாலையொன்றிற் கரப்பந்து அணித் தலைவனாயிருந்த மாணவன், 1990 இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்திற் பிறந்தவன். பரிசளிப்பு விழாவுக்கு அவன் எழுதிய நன்றியுரையில், தன் தந்தையார் மீன்வலையும் பந்துவலையும் கட்டிய கரை எப்பொழுது திறக்கப்படும் என்றொரு வரி இருந்தது. "பந்தை அடி தம்பி, அரசியலை விடு" என்று கூறி அவ்வரியை யாமே சிவப்பு மையால் வெட்டினோம். அவன் நன்றி மட்டும் கூறி மேடையை விட்டு இறங்கினான். பல்லாண்டு கேட்டுக் கேட்டே மக்கள் 2017 இல் மயிலிட்டித் துறையை மீளப் பெற்றனர். அக்கேள்வியில் எம் மாணவனின் குரல் சேராமற் போனது எம் பிழையே.

2020 இல் பிறேசில் நாட்டுக் கடற்கரைக் கரப்பந்து வீராங்கனை கரோல் சொல்பேர்க், வெண்கலப் பதக்கம் வென்ற கையோடு, அதிபர் பொல்சொனாரோ விலகவேண்டுமெனத் தொலைக்காட்சியிற் குரலெழுப்பினார். விளையாட்டு நீதிமன்றம் முதலில் அவரை எச்சரித்தது; மேன்முறையீட்டில் விடுவித்தது.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? எம் மண்ணின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை நினைமின். அவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மைந்தர். வேற்றுக் கல்லூரியார் எனினும் பெருமை அனைவர்க்கும் உரியது. 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்போணிலும் ஒலிம்பிக் களம் கண்ட அவர், 1958 இல் தோக்கியோ ஆசிய விழாவில் உயரம் பாய்ந்து இலங்கைக்குப் பொற்பதக்கம் ஈட்டினார். அதே நாள்களிலேதான் தென்னிலங்கையிற் கலவரத்தீ மூண்டது; அடிபட்ட தமிழர் கப்பலேறி வடக்கே வந்தனர். எந்நாட்டுக்காக அவர் பாய்ந்தாரோ அந்நாட்டிலேயே அவர்தம் மக்களுக்குப் புகலிடம் இல்லை. பின்னாளிற் கலாநிதிப் பட்டம் பெற்று ஆசிரியராய் விளங்கிய அவர், தமிழ் மக்களின் உரிமைக்காகவும் கல்விக்காகவும் 2024 இல் மறையும்வரை பேசியும் எழுதியும் வந்தார். அதனால் அவர் தாண்டிய உயரம் ஓர் அங்குலமேனும் குறைந்ததோ?

களத்தில் நடுவர் தீர்ப்புக்கு அடங்குதல் ஒழுக்கம். அதனை யாம் மறுக்கிலேம். ஆயின் களத்துக்கு வெளியே பண்புடன் உண்மை உரைப்பதை ஒழுக்கக்கேடு என்றல் பொருந்தாது. விளையாட்டு அஞ்சாமையைப் பயிற்றுகின்றது என மேடைதோறும் முழங்கும் நாம், அஞ்சாது பேசுபவனை அடக்குதல் முறையோ?

ஆதலின் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் எம் வேண்டுகோள் ஒன்றே: இனிவரும் பரிசளிப்பு விழாக்களில் அணித் தலைவர் எழுதிவரும் உரையில் எழுத்துப் பிழையை மட்டும் திருத்துவோம். எம் சிவப்பு மைக்கு அவ்வளவே போதும்.