கம்பெனி கைமாறியது, பட்டியல் யார் கையில்?

மென்பொருள் நிறுவனம் ஒன்றை பிரைவேட் ஈக்விட்டி வாங்கியதும் ஊழியர்களுக்கு முதலில் வந்து சேர்வது ஒரு மின்னஞ்சல். ‘உற்சாகமான புதிய பயணம்’ என்று அதில் எழுதியிருக்கும். அடுத்து வருவது, ‘எம்ப்ளாயி மொரேல்’ எப்படி இருக்கிறது என்று அளக்கும் ஒரு கேள்வித்தாள். அதற்கும் அடுத்து மனிதவளத் துறையிலிருந்து பதினைந்து நிமிடக் கூட்டத்துக்கு ஓர் அழைப்பு, எதைப் பற்றி என்று சொல்லாமல். இடைப்பட்ட மாதங்களில் நடந்ததையெல்லாம் வணிகப் பத்திரிகைகள் ‘ஊழியர்களின் மன உறுதி குலைந்திருக்கிறது’ என்ற ஒற்றை வாக்கியத்தில் முடித்துக்கொள்கின்றன. எந்த ஊழியர்களின் மன உறுதி என்று யாரும் கேட்பதில்லை. ஐ.டி. துறையில் நுழைந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் எனக்கு, அந்தக் கேள்வியைத் தவிர வேறெதுவும் முக்கியமாகத் தோன்றவில்லை.

முதலில் இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைப் பார்த்துவிடலாம். சிட்ரிக்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்துக்குப் பெங்களூரிலும் அலுவலகம் உண்டு. 2022 ஜனவரியில் விஸ்டா ஈக்விட்டி பார்ட்னர்ஸும் எலியட் குழுமத்தின் துணை நிறுவனம் ஒன்றும் சேர்ந்து அதை 1650 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தன. அதற்காக வங்கிகள் ஏற்பாடு செய்த கடன் ஏறக்குறைய 1500 கோடி டாலர். அந்தக் கடன் வாங்கியவர்களின் தலையில் விழாது, வாங்கப்பட்ட கம்பெனியின் கணக்கில் ஏறும். ஒரு வீட்டை வாங்குகிறவர் அந்த வீட்டையே அடமானம் வைத்துக் கடன் எடுத்துவிட்டு, மாதத் தவணையை அங்கே குடியிருப்பவர்களிடம் கறப்பது போல. 2022 செப்டம்பர் இறுதியில் பேரம் முடிந்தது. டிப்கோ நிறுவனத்தோடு இணைத்து ‘கிளவுட் சாஃப்ட்வேர் குரூப்’ என்று பெயர் மாற்றினார்கள். 2023 ஜனவரியில் 15 சதவீத ஊழியர்களை வெளியேற்றுவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஜனவரியில் மேலும் 12 சதவீதம்.

நம் ஊர்ப் பக்கமும் இந்தக் கைமாற்றம் புதிதல்ல. சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் ஹெக்ஸாவேர் 2013-ல் பேரிங் ஏசியாவின் கைக்குப் போனது, 2020-ல் பங்குச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது, 2021-ல் கார்லைலுக்கு விற்கப்பட்டது, 2025 பிப்ரவரியில் மறுபடியும் சந்தைக்கு வந்தது. அந்த வெளியீட்டின் மதிப்பு 8,750 கோடி ரூபாய். முழுவதும் கார்லைல் தன் பங்குகளை விற்றது, கம்பெனிக்கு அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. சட்டப்படி இதில் எந்தத் தவறும் இல்லை. வாங்குவது, சில ஆண்டுகள் வைத்திருப்பது, விற்பது, இதுதான் அவர்கள் தொழில். வைத்திருக்கும் அந்தச் சில ஆண்டுகளுக்குள் லாப விகிதம் உயர்ந்தாக வேண்டும். மென்பொருள் சேவையில் பெருஞ்செலவு என்பது சம்பளம்தானே?

பிரைவேட் ஈக்விட்டி வந்தாலே வேலை போகும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பல ஆயிரம் கைமாற்றங்களை ஆராய்ந்த ஸ்டீவன் டேவிஸ் குழுவின் 2019 ஆய்வு, பங்குச் சந்தையில் இருந்த நிறுவனங்களைத் தனியாராக்கும்போது இரண்டே ஆண்டுகளில் வேலைவாய்ப்பு, ஒத்த மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட, 13 சதவீதம் சுருங்குகிறது என்கிறது. ஏற்கெனவே தனியாரிடம் இருந்த நிறுவனங்களை வாங்கும்போது அதே 13 சதவீதம் கூடுகிறது என்றும் சொல்கிறது. ஆக, ‘பயப்படாதீர்கள்’ என்று மேலே இருப்பவர் சொல்வது சில இடங்களில் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் சுருங்குகிற இடத்தில் யார் போகிறார்கள், கூடுகிற இடத்தில் யார் உள்ளே வருகிறார்கள் என்பதற்கான கட்டம் எந்த அட்டவணையிலும் இல்லை. இந்தியாவில் அப்படியொரு கட்டத்தை வைக்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. கணக்கெடுப்புகூடக் கிடையாது.

மேலிருந்து வருவது வெறும் எண். ‘உன் குழுவில் எட்டுப் பேரைக் குறை’. அந்த எண்ணைப் பெயராக மாற்றுகிறவர் மேனேஜர். நிதியத்தின் அதிபர் நியூயார்க்கில் இருக்கலாம், அவருக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம். மேனேஜருக்குத் தெரியும். சுயமரியாதை இயக்கத்தின் புண்ணியத்தில் நம் பெயருக்குப் பின்னால் சாதிவால் இல்லை, ஓர் எழுத்துதான் முன்னால் நிற்கிறது. அதனால் இங்கே வேறு வழியில் விசாரிப்பார்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது, வீட்டில் அசைவம் உண்டா. வடக்கே குடும்பப் பெயரே போதும். 2007-ல் சுக்தியோ தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரே தகுதியோடு வெவ்வேறு சாதிப் பெயர்களில் வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசியபோது, ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் பார்க்கிறோம்’ என்றவர்களே நேர்காணலில் குடும்பப் பின்னணியைத் தவறாமல் விசாரிப்பதாகச் சொன்னார்கள். வேலைக்கு எடுக்கும்போது வேலை செய்த இந்தத் தராசு, வேலையை விட்டு அனுப்பும்போது மட்டும் நேராகிவிடுமா?

நான் பேசிய பெண்களில் ஒருவர் டெஸ்டிங் பிரிவில் ஏழு ஆண்டுகள் இருந்தவர். வேலூர் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கம்பெனி கைமாறி ஐந்தாவது மாதம் இவர் பெயர் பட்டியலில் வந்தது. “ரேட்டிங் கம்மினு சொன்னாங்கக்கா. ஆனா அந்த ரேட்டிங்கே பேர் முடிவான பிறகு மாத்தினதுதான்” என்றார். முந்தைய இரண்டு ஆண்டுகளும் அவருக்கு நல்ல மதிப்பெண். யாருடைய பெயர் தப்பித்தது என்று கேட்டேன். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் வீட்டு கொலுவுக்குப் போனவங்க, அவரோட காலேஜ் ஜூனியர், அவர் ஊர்க்காரர். யாரும் என்னைத் திட்டலக்கா, அவமானப்படுத்தல. என்னை யாரும் ஞாபகம் வச்சுக்கல, அவ்ளோதான்.” இதை எந்த நீதிமன்றத்தில் பாகுபாடு என்று நிரூபிப்பது? ‘விசிபிலிட்டி’ என்று அந்த உலகத்தில் ஒரு சொல் உண்டு. கண்ணில் படுவது. யார் யார் கண்ணில் படலாம் என்பதைத் தெருவமைப்பிலேயே தீர்த்து வைத்த சமூகம் இது.

இப்போது அந்த மொரேல் கேள்வித்தாளுக்கு வருகிறேன். உலகமெங்கும் கம்பெனிகள் பயன்படுத்தும் கேலப் நிறுவனத்தின் 12 கேள்விகளில் ஒன்று, வேலையிடத்தில் உங்களுக்கு உற்ற நண்பர் இருக்கிறாரா என்பது. சாதியை மறைத்துக்கொண்டு ஏழு ஆண்டுகள் மதிய உணவுக்கு உட்கார்ந்த பெண் இதற்கு என்ன மதிப்பெண் போடுவார்? மற்றவர்களுக்குக் கம்பெனி கைமாறியபோது குலைந்த ‘மொரேல்’, அவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இல்லை. சராசரி எடுத்துப் பார்க்கும் ஆலோசகருக்கு இது தெரியப்போவதில்லை. அவர் பிட்சா வரவழைப்பார்.

பயமும் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. மயிலாப்பூரில் தாத்தா வீடும் நியூ ஜெர்சியில் அண்ணனும் இருப்பவருக்கு வேலை போவது ஒரு சங்கடம். ‘மூணு மாசத்துல வேற எடுத்துக்கலாம்’ என்று அவர் சொல்வது பொய்யல்ல, அவருக்கு ரெஃபரல் கொடுக்க ஆள் இருக்கிறது. கல்விக்கடன் இன்னும் முடியாமல், தாம்பரம் தாண்டி வாங்கிய பிளாட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டு, தம்பியின் கல்லூரிக் கட்டணத்தையும் சுமப்பவருக்கு வேலை போவது என்றால் ஒரு குடும்பம் ஏறிவந்த ஏணியை உருவுவது. இடைநிலைச் சாதிகளிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் இந்தக் கடன் சுமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கைவிட்டால் விழுவதற்கு ஊரில் அரை ஏக்கர் நிலம் இருப்பவரும் இல்லாதவரும் ஒன்றல்ல. இன்னொரு கூட்டம் கேள்வித்தாளுக்குள்ளேயே வருவதில்லை: கழிவறை கழுவும் அக்காக்கள், வாசலில் நிற்கும் காவலாளிகள், கேப் ஓட்டும் தம்பிகள். அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். செலவுக் குறைப்பு என்றதும் ஒப்பந்தத் தொகையைக் குறைப்பார்கள். பத்துப் பேர் செய்த வேலையை ஏழு பேர் செய்வார்கள். அதற்குப் பெயர் ‘லேஆஃப்’ கூட இல்லை.

‘எல்லோரும் தொழிலாளிகள்தானே, இதில் சாதியை இழுத்து ஒற்றுமையைக் கெடுக்காதீர்கள்’ என்று தொழிற்சங்கத் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். 1938-ல் மன்மாடில் ரயில்வேத் தலித் தொழிலாளர்கள் மாநாட்டில் அம்பேத்கர் பேசியது இதைத்தான். பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டையும் தொழிலாளியின் எதிரிகளாக அவர் சொன்னார். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தலித்துகளை விடாமல் தடுத்தவர்கள் முதலாளிகள் மட்டுமல்ல. நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்க வேண்டியிருந்ததால், தீட்டுப்படும் என்று சக தொழிலாளிகளே மறித்தார்கள். நல்ல கூலி அந்தப் பிரிவில்தான் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராகக் கம்யூனிஸ்ட்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தியவரும் அவர்தான். சாதியைப் பேசியதால் அந்த வேலைநிறுத்தம் ஒன்றும் உடைந்துபோகவில்லை.

சங்கம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. 2025 வரை அமலில் இருந்த அந்த 1947 சட்டத்தின் 25ஜி பிரிவு, கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்பு என்றது. இதை அப்படியே கோஷமாக்கத் தயங்குகிறேன். கடைசியாக உள்ளே நுழைய முடிந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். எனக்கு முக்கியம் அந்தப் பிரிவின் பின்பாதி: வரிசையை மீறினால் முதலாளி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றது அது. ‘நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரிலீவிங் லெட்டரில் வேறு மாதிரி வரும்’ என்று பதினைந்து நிமிடக் கூட்டத்தில் மிரட்டுவதெல்லாம் இந்த எழுத்தைத் தவிர்க்கத்தான். ராஜினாமா என்றால் காரணம் எழுத வேண்டியதில்லை, இழப்பீடு இல்லை, ஆட்குறைப்பு என்ற கணக்கும் இல்லை. 2015 ஜனவரியில் டிசிஎஸ் ஊழியரான கர்ப்பிணிப் பெண் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. தடை கேட்பதற்கு, பணிநீக்கம் என்று ஒன்று நடந்திருக்க வேண்டும். ராஜினாமா கொடுத்தவர் எதற்குத் தடை கேட்பார்?

எனவே சங்கங்கள் கேட்க வேண்டியது இவை. கம்பெனி கைமாறும்போது முந்தைய மூன்று ஆண்டு மதிப்பீடுகளை உறையவைத்து ஊழியர் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு எழுதப்படும் ரேட்டிங்கை வெளியேற்றுவதற்கு ஆதாரமாக ஏற்கக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் காரணம் எழுத்தில் வேண்டும். சேர்ந்தவர்கள், வெளியேறியவர்கள் இருவரின் சாதிவாரிக் கணக்கையும் ஆண்டுதோறும் தொழிலாளர் துறையிடம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து. நிலமும் மின்சாரச் சலுகையும் கொடுத்துத் தொழில்நுட்பப் பூங்கா கட்டிய அரசுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

அந்த வேலூர்ப் பெண் ராஜினாமாவில் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை எழுதித் தரும்படி மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறார், அடுத்த விசாரணை வரும் மாதம்.