வளவும் வைத்தியசாலையும்: கல்முனைக் கரையின் காணி வழக்குப் பற்றி

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையாக அமைந்த ஊர் பெரியநீலாவணை. கிழக்கே கடல், மேற்கே வயல்வட்டைகள், இரண்டிற்கும் இடையே ஒடுங்கியதொரு மணற்றிடல். இத்திடலிலேதான் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்கள், ஒன்றின் வேலி முடியுமிடத்தில் மற்றதன் வேலி தொடங்கும் வண்ணம் நெருங்கிக் கிடக்கின்றன. கல்முனை மாநகர எல்லையின் பரப்பு ஏறத்தாழ 23 சதுர கிலோமீற்றர். அதனுள் வாழ்வோர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர். அப்பரப்பில் வயலும் அடங்குவதால் மனிதர் குடியிருக்கக்கூடிய தரை இன்னும் சிறியது.

இத்தகைய இடத்தில் வெற்றுக் காணித்துண்டு ஒன்று எங்கேனும் எஞ்சிக் கிடப்பின், அதன்மீது இரு கோரிக்கைகள் எழுதல் இயல்பே. காணியற்ற குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கவேண்டும் என்பர் ஒரு சாரார். ஊருக்கு ஒரு மருத்துவ நிலையம் வேண்டும் என்பர் மறுசாரார். இரண்டும் நியாயமான கோரிக்கைகள். ஆயினும் இவ்வழக்குச் சில வாரங்களுள் 'தமிழருக்கா, முஸ்லிம்களுக்கா' என்ற மூன்றாவது கேள்வியாக உருமாறிவிடுகிறது. அதன்பின் முதலிரு கேள்விகளையும் எழுப்புவார் எவருமிலர். வீடும் மருத்துவமும் ஒன்றோடொன்று மோதும் தேவைகள் என்ற எண்ணமே தவறானது என்பதும், அவற்றை இனப் பங்காகக் கருதி அளப்பது அதனினும் பெருந்தவறு என்பதும் இக்கட்டுரையாளனின் கருத்து.

முதலில் வீட்டை நோக்குவோம். கிழக்கிலங்கையில் வளவு என்பது வெறும் நிலத்துண்டு அன்று. மகள் மணமுடிக்கும்போது வீடும் வளவும் அவளுக்கே உரித்தாகின்றன. மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்கிறான். பெற்றோர் பின்வளவில் சிறு குடிசை ஒன்றுக்கோ அடுத்த மகளுக்கென எழுப்பும் வீட்டுக்கோ ஒதுங்குகின்றனர். தாய்வழிக் குடிமுறையோடு பிணைந்த இவ்வழக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. மொழியையும் உணவையும் அடுத்து இவ்விரு சமூகத்தாரையும் இணைக்கும் நிறுவனம் வேறொன்று உளதாகத் தெரியவில்லை. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இதனை விரிவாக எழுதியுள்ளார். மூன்று பெண்மக்கள் உள்ள வளவு ஒரு தலைமுறையில் மூன்றாகிறது. மறுதலைமுறையில் ஒன்பதாவதற்கு அங்கே தரையில்லை. சீதனத்தை நாம் ஆதரிப்பதாக எவரும் கருதற்க. தங்கையின் சுவரெழுப்புவதற்காக வளைகுடா நாடுகளிற் கருகிய தமையன்மாரும், தன் வீட்டுக்காகத் தானே பிறநாட்டு அடுப்படியில் உழைத்த பெண்களும் எமது ஊர்களில் மலிந்துள்ளனர். ஆனால், மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அறியாது வரையப்படும் திட்டம் எவ்வாறு திட்டமாகும்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி இவ்வறியாமை முழுமையாக வெளிப்பட்டது. அன்றைய கடற்கோளில் இலங்கை மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. இறந்தோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் இக்கரையோர மக்கள். அதனையடுத்துக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் அவ்வெல்லை 100 மீற்றர். அகலமே மிகச் சிறிதான ஒரு திடலில் 200 மீற்றரை நீக்கினால் எஞ்சுவது யாது என்று கொழும்பில் எவரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் எல்லை தளர்த்தப்பட்டது. '65 மீற்றர்' என்ற எண் மருதமுனை மேட்டுவட்டையில் எழுந்த வீட்டுத்திட்டத்துக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. மனிதர் வாழும் இடத்துக்கு அளவுகோலின் எண்ணைப் பெயராக இட்ட பெருமை எமக்கே உரியது.

அப்பெயரிலுள்ள 'வட்டை' என்ற சொல்லே அது வயல் என்பதைச் சொல்லும். வீட்டுக்கு வீடு என்ற கணக்கின்படி, அழிந்த ஒரு வீட்டுக்கு ஒரு வீடு வழங்கப்பட்டது. ஆனால் அவ்வீட்டில் வாழ்ந்தவை பல குடும்பங்கள். மணமாகாத பெண்களுக்கென மனத்தளவில் வகுக்கப்பட்டிருந்த வளவுப் பங்குகளும் அங்கேயே இருந்தன. கடல் கொண்டது ஒரு கூரையை மட்டுமன்று, பெண்மக்கள் பலரின் எதிர்கால வளவையும் என்க. அதனைப் பதியும் நிரல் எந்தப் படிவத்திலும் இருக்கவில்லை. மேலும், அரச காணிகளுக்கான அனுமதிப்பத்திரங்கள் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கே பெரும்பாலும் எழுதப்பட்டன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கு முன்னிடம் வழங்கியது; 2022 இலேயே அது திருத்தப்பட்டது. பெண்ணுக்கே வீடு என்று வாழும் சமூகத்தின் மேல், ஆணுக்கே காணி என்ற சட்டம் எண்பத்தேழு ஆண்டுகள் படிந்திருந்தது. இதனை எதிர்த்து எமது அரசியல்வாதிகள் எத்தனைமுறை பாராளுமன்றத்தில் எழுந்து நின்றனர் என்று கேட்டுப்பார்க்க வேண்டும். எல்லைக்காக எழுந்து நின்றோர் பலர்.

நிலமில்லையெனின் மேலெழும்பலாம் என்று தொடர்மாடிகள் வந்தன. பெரியநீலாவணையிலும் கல்முனையிலும் அவை நிற்கின்றன. தொடர்மாடிக்குப் பின்வளவு இல்லை. மகளுக்கென ஓர் அறையைக் கூட்டிக் கட்டுதல் இயலாது. கோழி, முருங்கை, கிணறு எதுவுமில்லை. கழிவுநீர் தேங்குவது பற்றிய முறையீடுகள் பத்திரிகைகளில் வந்து வந்து ஓய்ந்துவிட்டன. கட்டியவர் போய்விட்டார்; பராமரிப்பவர் யாரென்பது அலுவலகங்களுக்கு இடையிலான வினாவாயிற்று.

இங்கேதான் வீட்டு வினா மருத்துவ வினாவாக மாறுகிறது. மணற்றரையின் கீழ் நன்னீர் மெல்லியதொரு படையாகவே மிதக்கிறது. அதன் அடியில் உவர்நீர். துண்டாடப்பட்ட சிறு வளவில் கிணறும் மலக்குழியும் சில பாகத் தூரத்தில் அமைகின்றன. மணல் வடிகட்டும் என்ற நம்பிக்கை ஆள் குறைந்த காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். மேற்கே வட்டையை மண்ணிட்டு நிரப்பியதும், மாரியில் வயலூடாக வடிந்த நீர் வீட்டுவாசலில் நிற்கிறது; நின்ற நீரில் நுளம்பு பெருகுகிறது. மருத்துவரிடம் சென்று நிற்கும் நோயாளியின் நோய் அவனது வளவின் அளவிலே தொடங்கியிருக்கிறது. ஆகவே, 'முதலில் வீடு, மருந்தகம் பிறகு பார்க்கலாம்' என்போர், பிறகு பார்க்கவேண்டிய நோயாளிகளை இப்போதே தயாரிக்கின்றனர்.

வயலை நிரப்புதல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த எழுத்துமூல அனுமதி வேண்டும். சட்டம் அவ்வாறிருக்க, வட்டைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கி வருகின்றன. ஏழை ஒருவன் நான்கு பேர்ச் நிரப்பினால் அதிகாரி வருகிறார். பணம் படைத்தோன் ஏக்கர்க்கணக்கில் நிரப்பினால் வீதி போடப்படுகிறது. 'வேளாண்மை' என்ற காவியத்தை ஆக்கிய நீலாவணனின் ஊரிலேயே வேளாண்மை நிலம் இவ்வாறு மறைவது, இலக்கிய விழாக்களில் அவர் பெயரை உச்சரிப்போருக்கு உறுத்துவதில்லை போலும்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். 'கல்முனையில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்க, ஊருக்கொரு மருத்துவ நிலையம் எதற்கு?' என்பது பலரும் எழுப்பும் தடை. கல்முனை நகரில் வடக்கு ஆதார வைத்தியசாலையும், அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் அருகருகே உள்ளமை உண்மை. ஒன்று தமிழருடையது, மற்றது முஸ்லிம்களுடையது என்று மக்கள் பேசிக்கொள்வதும் உண்மை. யுத்த காலத்தில் ஒரு தெருவைக் கடந்து மறு தெருவுக்குச் செல்ல அஞ்சிய மக்களுக்கு அவ்விரட்டிப்புத் தேவையாயிருந்தது. அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. எனினும், யுத்தம் 2009 இல் முடிந்த பின்னரும் ஒன்றுக்கு வரும் கருவி மற்றதற்கும் வரவேண்டும், ஒன்றுக்கு வரும் கட்டடம் மற்றதற்கும் வரவேண்டும் என்ற போட்டியே மருத்துவக் கொள்கையாயிற்று. இப்போட்டியில் நகரத்தின் இரு கோபுரங்கள் உயர்கின்றன; ஊரின் திண்ணை வெறுமையாகிறது.

நீரிழிவும் குருதியழுத்தமும் உள்ள முதிய பெண்ணொருத்திக்கு வேண்டியது சத்திரசிகிச்சைக் கூடமன்று. மாதந்தோறும் குருதியைச் சோதித்து மாத்திரை தந்து, காலிலுள்ள புண்ணைப் பார்த்து, நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு வைத்தியரே அவளுக்கு வேண்டும். அவர் இன்மையால், விடியுமுன் எழுந்து பஸ் ஏறி, இலக்கச் சீட்டுக்காக வரிசையில் நின்று, நண்பகலுக்குப் பின் வீடு திரும்புகிறாள்; அல்லது மாலையில் தனியார் மருந்தகத்தில், காலையில் இலவசமாகப் பார்த்திருக்கக்கூடிய அதே வைத்தியருக்குப் பணம் செலுத்துகிறாள். 1926 இல் களுத்துறையில் சுகாதாரப் பகுதி ஒன்றை நிறுவி, நோயை அதன் வாசலிலேயே தடுக்கும் முறையை ஆசியாவில் முன்னோடியாகத் தொடங்கிய நாடு இது. ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை உலகுக்கு வலியுறுத்திய அல்மா அற்றா பிரகடனம் 1978 இல் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே எமது மருத்துவமாதர் வீடுவீடாகச் சென்றனர். அந்த மரபை மறந்துவிட்டு, பெயர்ப்பலகையின் மொழிவரிசைக்காக வாதாடுகிறோம்.

இனப்பங்கு முறையின் இறுதி வடிவத்தைக் காண விரும்புவோர் அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள நுரைச்சோலைக்குச் செல்க. கடற்கோளால் வீடிழந்த அக்கரைப்பற்று முஸ்லிம்களுக்கென சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் அங்கு எழுந்தன. வைத்தியசாலை, பாடசாலை, பள்ளிவாசல் ஆகியனவும் உடன் அமைந்தன. தீகவாபி விகாரைக்கு அண்மையிலுள்ள அரச காணியை ஒரு சமூகத்துக்கு மட்டும் வழங்கலாகாதென வழக்குத் தொடரப்பட்டது. எல்லா இனத்தவர்க்கும் விகிதப்படி பகிரவேண்டும் என உயர்நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவ்வீடுகளில் எவரும் குடியேறவில்லை, காடு குடியேறிற்று. வைத்தியசாலைக்கு நோயாளி இல்லை. நோயாளிக்கு வைத்தியசாலை இல்லை. கடல் விகிதாசாரம் பார்த்து அடிக்கவில்லை. நிவாரணம் மட்டும் விகிதாசாரம் பார்க்கவேண்டும் என்பது எவ்வகை நீதி? அதே வேளை, தன் சமூகத்துக்கு மட்டும் பெற்றுக்கொடுத்தேன் என்று மேடையிற் கூறுவதற்காக மூடிய அறையில் காணி தெரிவுசெய்த அமைச்சர் மரபையும் நாம் மன்னிக்க இயலாது. அடுத்த ஊரில் அதே கடலால் வீடிழந்த தமிழரும் சிங்களவரும் தொடக்கத்திலேயே அழைக்கப்பட்டிருப்பின், வழக்குக்கு இவ்வளவு இடம் இருந்திராது.

'எமது பிரதேச செயலகம் முழுமையாகட்டும், எமது சபை தனியாகட்டும். பிறகு இவையெல்லாம் தாமாகவே சரியாகும்' என்பது இறுதி வாதம். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கைக்காக 2019 இல் உண்ணாவிரதம் நடந்தது. சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை அமைக்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளிவந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது கல்முனை மாநகர சபைக்கு மட்டும் வழக்குக் காரணமாக வாக்களிப்பு நடைபெறவில்லை. எல்லையைப் பற்றிய சண்டையில் எல்லைக்குள் இருக்கவேண்டிய சபையே இல்லாது போயிற்று. நிருவாகப் பிரிவுக்கான கோரிக்கைகளில் நியாயம் இருக்கலாம். தமிழ் மக்களின் அச்சமும் முஸ்லிம் மக்களின் அச்சமும் கற்பனையல்ல. ஆயினும், செயலகத்தின் தரம் உயர்ந்த மறுநாள் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரம் கூடிவிடுமா?

எமது கோரிக்கை எளிது; அதனாலேயே அதிகாரிகளுக்கு அது கடினமாகத் தோன்றலாம். பெரியநீலாவணை முதல் சாய்ந்தமருது வரை உள்ள அரச காணி, கோயிற் காணி, பள்ளிவாசற் காணி, கைவிடப்பட்ட வீட்டுத்திட்டங்கள், நிரப்பப்பட்ட வட்டைகள் யாவும் குறிக்கப்பட்ட படமொன்று ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரிலும் பொதுமக்கள் பார்வைக்குத் தொங்கவேண்டும். வீடு கேட்போரின் பட்டியலில் குடும்பத் தலைவரின் பெயருக்குப் பதிலாக, மணப்பருவம் எய்திய பெண்களின் எண்ணிக்கையும் வளவின் பேர்ச் அளவும் எழுதப்படவேண்டும். அதே படத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அண்மையிலுள்ள வைத்தியருக்கு நடக்கவேண்டிய தூரம் குறிக்கப்படட்டும். அப்படத்தின் முன் கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காயரும் மட்டுமன்றி, இதுவரை எந்தக் காணிக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாத மருத்துவமாதும், வட்டைவிதானையும், வளவுக்குரிய பெண்களும் உட்காரட்டும். மாவட்டச் செயலகத்துக்குக் கடிதம் எழுதுவது அதன் பின்னர் ஆகட்டும். இவ்வாண்டு விடுமுறையில் ஊர் திரும்பும் கிழக்கு மாணவர்கள் அளவுநாடாவோடு இறங்கினால், படத்தின் முதற் பிரதியை வரைய அரசாங்கத்தின் அனுமதி எதுவும் தேவையில்லை.