திங்கட்கிழமை மோதல் நடந்துவிட்டது

2008 செப்டம்பர் 10, புதன்கிழமை. காலை எட்டரை மணிக்கே அலுவலகத்தில் போன் அடித்தது. மறுமுனையில் ஓர் அம்மா. "சார், இன்னைக்கு உலகம் அழியப்போகுதுன்னு டி.வி.யில சொல்றாங்களே... பையனை ஸ்கூலுக்கு அனுப்பலாமா, வேண்டாமா?" குரலில் விளையாட்டு இல்லை. "தைரியமா அனுப்புங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி வைத்துவிட்டோம். ஏன் ஒன்றும் ஆகாது என்பதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். இதழ் முடிக்கிற அவசரத்தில் அந்த இரண்டு நிமிடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அன்று நம் நேரப்படி பிற்பகல் 1.58 மணி. ஜெனீவா அருகே, பிரான்ஸ் - சுவிட்சர்லாந்து எல்லையில், தரைக்குச் சுமார் 100 மீட்டர் கீழே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம். அதற்குள் புரோட்டான்களை எதிரெதிரே மோதவிடும் எந்திரம். செர்ன் ஆய்வகத்தின் கட்டுப்பாட்டு அறைத் திரையில் இரண்டு புள்ளிகள் பளிச்சிட்டன. புரோட்டான் கற்றை வளையத்துக்குள் நுழைந்ததற்கு ஒன்று, முழுச் சுற்று முடித்துத் திரும்பியதற்கு ஒன்று. அறையில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். திட்டத்தின் தலைவர் லின் எவன்ஸ், வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். 1994 முதல் இந்த ஒரே வேலையைச் சுமந்துவந்தவர்.

உலகம் முழுக்கப் பயந்த அந்த நாளில் மோதல் எதுவும் நடக்கவில்லை. நடத்தும் திட்டமும் இல்லை. ஒரு கற்றையை ஒரு திசையில் சுற்றவிட்டுப் பார்த்தார்கள், பிறகு எதிர்த்திசையில். அவ்வளவுதான். கருந்துளை உருவாகிப் பூமியை விழுங்கிவிடும் என்று ஹவாயில் வழக்குப் போட்டவர்களையும் சேர்த்து, நாள் குறித்து மிரட்டிய எவரும் இதைச் சொல்லவில்லை. மோதலே நடந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் இந்த எந்திரம் தருவதைவிடப் பல மடங்கு ஆற்றலோடு நம் தலைக்கு மேலே காற்றில் மோதிக்கொண்டே இருக்கின்றன, பூமி தோன்றிய நாளிலிருந்து. அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி மாணவிக்கும் யாரும் இதைச் சொல்லவில்லை. டி.வி.யில் திரும்பத் திரும்ப வந்த பிரளயச் செய்தியைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். செய்தித் தொழிலில் இருக்கிற எங்கள் எல்லோர் மேலும் விழுந்த பழி அது. யாரும் அதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, எந்திரம் உண்மையாகவே உடைந்தது. நம் வீட்டு சுவிட்ச் போர்டில் வருகிற லூஸ் காண்டாக்ட்தான் காரணம் என்றால் நம்புவது கடினம். புரோட்டான்களை வளைத்துத் திருப்ப 15 மீட்டர் நீளத்தில், ஒவ்வொன்றும் 35 டன் எடையில் 1,232 காந்தங்கள். அவற்றை மைனஸ் 271 டிகிரிக்குத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தால், கம்பியில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும். ஒரு காந்தத்தையும் அடுத்ததையும் இணைக்கக் கம்பிகளைப் பற்றாசு வைத்து ஒட்டுகிறார்கள். அப்படி ஏறக்குறைய 10,000 ஒட்டுகள். அவற்றில் ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை. அதில் இருந்த தடை, ஓர் ஓமில் சுமார் 50 லட்சத்தில் ஒரு பங்கு. நம் வீட்டு ஃபேனுக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. அந்த ஒட்டு வழியே சுமார் 8,700 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டு சூடேறி உருகியது. மின்பொறி பாய்ந்து ஹீலியக் கலத்தில் ஓட்டை விழுந்தது. குளிர்ந்து கிடந்த ஹீலியம் வாயுவாகப் பொங்கிய வேகத்தில் காந்தங்கள் இடம் பெயர்ந்தன. கான்கிரீட் தரையில் பதித்த பிடிமானம் சில இடங்களில் பெயர்ந்து வந்தது. மொத்தம் 6 டன் ஹீலியம் போனது. வளையத்தின் எட்டுப் பகுதிகளில் ஏழு, மின்சாரத்தை ஏற்றிப் பார்க்கும் இந்தச் சோதனையைத் தாண்டியிருந்தன. கடைசிப் பகுதி சிக்கியது.

அந்தக் காந்தங்கள் உட்கார்ந்திருப்பது நம் நாட்டு ஜாக்கிகளின் மேல். இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையத்தின் பொறுப்பில் தயாராகிப்போனவை அவை, ஏறக்குறைய 7,000. லாரிக்கு டயர் மாற்றும்போது வைக்கிற ஜாக்கிக்கு உறவுதான். ஆனால் 35 டன்னை மயிரிழை பிசகாமல் நிறுத்த வேண்டும். கற்றை சுற்றிய அன்று இதை எழுதிப் பெருமைப்பட்டவர்கள் உண்டு. காந்தங்கள் ஜாக்கியைவிட்டு நகர்ந்த பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏற்கெனவே அழைப்பு அனுப்பியாகிவிட்டதால் அக்டோபர் 21 அன்று திறப்பு விழா நடந்தது. மேலே தலைவர்கள் வாழ்த்திப் பேச, கீழே எந்திரம் உடைந்து கிடந்தது. ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்னதாகவே, என்ன தவறு, எங்கே தவறு என்று செர்ன் அறிக்கை வெளியிட்டுவிட்டது. விபத்து நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நம் ஊரில் ஒரு பாலம் இடிந்தால் விசாரணை அறிக்கைக்கு எத்தனை வருடம் காத்திருக்கிறோம்!

பிறகு வேலை தொடங்கியது. 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே தூக்கினார்கள். புரோட்டான் ஓடும் குழாய்க்குள் புகைக்கரி படிந்திருந்தது. நாலு கிலோமீட்டருக்கு மேல் சுத்தம் செய்தார்கள். இன்னொரு முறை பொங்கினால் ஹீலியம் வெளியேற, சுமார் 900 புதிய திறப்புகள் வைத்தார்கள். ஒட்டுகளைக் கண்காணிக்க ஆயிரக்கணக்கில் உணர்விகள். பதினான்கு மாதம். இந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி நம் இதழில் ஒரு பக்கம்கூட வரவில்லை. 2009 நவம்பர் தொடக்கத்தில் அங்கே மின்நிலையத்தில் ஒரு பறவை ரொட்டித் துண்டைப் போட்டுவிட்டது, குளிர்ச்சி குறைந்தது என்ற துணுக்கு மட்டும் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

2009 நவம்பர் 20, வெள்ளிக்கிழமை, ஜெனீவாவில் இரவு பத்து மணிக்குக் கற்றை மறுபடி சுற்றியது. நமக்கு அது சனிக்கிழமை அதிகாலை இரண்டரை. 2010-இலும் முழு ஆற்றலுக்குப் போகப்போவதில்லை, பாதியில்தான் தொடங்குவோம் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். மற்ற ஒட்டுகளின் மேல் முழு நம்பிக்கை வருகிறவரை பொறுப்பதே சரி என்பது அவர்கள் முடிவு. இத்தனை எதிர்பார்ப்பை முதுகில் வைத்துக்கொண்டு அப்படி முடிவெடுக்க நெஞ்சுரம் வேண்டும். மனதாரப் பாராட்டுகிறோம்.

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை, இரண்டு கற்றைகளையும் எதிரெதிரே விட்டார்கள். ஜெனீவாவில் பிற்பகல், இங்கே பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நேரம். குறைந்த ஆற்றலில்தான் என்றாலும், புரோட்டானும் புரோட்டானும் அந்தச் சுரங்கத்தில் முதல் முறையாக மோதிக்கொண்டன. இந்த முறை எங்களுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

அன்று பேசிய அம்மாவின் நம்பரை நாங்கள் குறித்து வைக்கவில்லை. அவர் இதைப் படிக்க நேர்ந்தால்: அம்மா, நீங்கள் பயந்த மோதல் அந்தத் திங்கட்கிழமைதான் நடந்தது. உங்கள் பையன் மறுநாள் காலையில் வழக்கம்போல் பள்ளிக்குப் போயிருப்பான். ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அவன் கேட்டால் எங்களுக்குப் போன் செய்யுங்கள். இந்த முறை நேரம் ஒதுக்கிப் பேசுகிறோம்.