ரேடியேட்டரை மாற்றுமுன் தண்ணீரை மாற்றுங்கள்

குச்சிக்கிழங்கு பிடுங்கும் காலத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறிப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது ஒன்றில் ஒரு பழைய வண்டி முன்மூடியைத் திறந்து வைத்து ஆவி கக்கிக்கொண்டு நிற்கும். கிளீனர் பையன் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போயிருப்பான். டிரைவர் டயருக்குக் கல் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். கேட்டால், "ரேடியேட்டர் போச்சுங்க" என்பார்.

ரேடியேட்டர் போனது உண்மைதான். ஏன் போனது என்று மட்டும் நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. கடன் வாங்கிப் புதிதாக ஒன்றை மாட்டுகிறோம். இரண்டு கோடை கழித்து அதே வளைவில் மறுபடி நிற்கிறோம். என் கட்சி இதுதான்: பழைய டீசல் வண்டியில் ரேடியேட்டரைக் கெடுப்பது வண்டியின் வயசு அல்ல, நாம் ஊற்றும் தண்ணீர். தண்ணீரை மாற்றாமல், எஞ்சினின் வயிற்றையும் கழுவாமல், புது ரேடியேட்டர் மாட்டுவது எலி வளையை அடைக்காமல் குதிரில் நெல் கொட்டுகிற வேலை.

நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். ஆனால் லாரிக்கு பாடி கட்டும் ஊர் என்று அதற்கு வெகு முன்பே நாடு முழுவதும் பெயர். சங்ககிரியும் அப்படியே லாரிக்காரர்களின் ஊர். பெரிய முதலாளிகள் ஓட்டிக் கழித்த வண்டிகள்தான் கைமாறி, கைமாறி நம்மைப் போன்ற இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரர்களிடம் வருகின்றன. 1986-ல் டாட்டா 407 வந்த பிறகு, கோழி எரு ஏற்றவும் கிழங்கு இறக்கவும் அதுவே நமக்குத் தோதான வண்டியாயிற்று. புது வண்டி வாங்க வசதியில்லாதவனுக்குப் பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவது கேவலம் அல்ல. ஆனால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

டீசல் எரிவதால் வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும். மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடும், குழாய்களுக்கு நடுவிலுள்ள தகடுகள் வழியே காற்று போகும். ஆரம்ப காலத்து மோட்டார்களில் தண்ணீர் கொதித்துக் கொதித்துத் தீர, வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்து, 1901-ல் வந்த மெர்சிடிஸ் வண்டியில் வைத்த பின்புதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதே மெர்சிடிஸ்காரர்களோடு கூட்டுச் சேர்ந்துதான் 1954 முதல் டாட்டா லாரிகள் ஜாம்ஷெட்பூரில் தயாராயின. நாமோ இன்னும் குடத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறோம்!

இனி நம் தண்ணீருக்கு வருவோம். சேலத்தில் வெள்ளைக்கல் மலை, சங்ககிரியில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல், மற்ற இடங்களில் கரும்பாறை. இந்தப் பாறை இடுக்குகளில் ஊறி வரும் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதைப் பெண்கள் சுரண்டிச் சுரண்டி அலுத்திருப்பார்கள். சப்பைத் தண்ணீர் என்று நாம் குடிக்க மறுக்கும் அதைத்தான் வண்டிக்கு ஊற்றுகிறோம். அண்டாவில் நடப்பதுதான் எஞ்சினுக்குள்ளும் நடக்கிறது. கொதி சூட்டில் சுண்ணாம்பு பிரிந்து லைனரைச் சுற்றிலும், ரேடியேட்டர் குழாய்க்கு உள்ளேயும் படிகிறது. இரும்பு சூட்டைக் கடத்தும் அளவில் சிறு பங்கைக்கூட இந்தப் பொருக்கு கடத்தாது. இதனோடு துருவும் சேர்ந்தால் சேறு. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு மேலும் மேலும் அதே தண்ணீரை ஊற்றும்போது, ஒவ்வொரு குடத்தோடும் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கொட்டுகிறோம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். நானும் என் சித்தப்பா மகனும் பங்கு போட்டு ஒரு பழைய 407 வாங்கினோம். கொஞ்ச நாளில் ரேடியேட்டர் ஒழுகியது. ஈயம் வைத்தோம். மறுபடி ஒழுகியது. டிரைவர் ஒருவர் சொன்னபடி மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினோம். ஒழுக்கு நின்றது! ஓட்டையை அடைத்த மஞ்சள் நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்தது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ஒரு கடையில், விலை குறைவு என்று, பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டர் வாங்கி மாட்டினோம். அதுவும் இரண்டு கோடைதான் தாங்கியது.

கடைசியாகக் கோழி எரு ஏற்றி மலை ஏறும்போது பாதி வழியில் கொதித்தது. மேலே பிடுங்கிய கிழங்கு குவியலாகக் கிடக்கிறது. கிழங்கு பிடுங்கினால் இரண்டு மூன்று நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையேல் உள்ளே கறுக்கத் தொடங்கும். ஆலையில் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்துதான் விலை. வண்டி சரியாகி, கிழங்கு இறங்கி, எடை போட நான்காம் நாள் ஆயிற்று. அந்த ஒரு லோடில் இழந்தது ஒரு நல்ல ரேடியேட்டரின் விலைக்கு மேல்.

ரேடியேட்டர் பட்டறை பாயிடம் சண்டைக்கே போனேன். "ஏனுங்க பாய், புதுசாத்தானே போட்டேன்?" என்றேன். அவர் பேசாமல் எஞ்சின் பிளாக்கில் உள்ள தண்ணீர் வடியும் திருகைக் கழற்றினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். செங்காவி நிறத்தில் சேறு பிதுங்கி வந்தது. "ரேடியேட்டர் புதுசுங்கண்ணா, உள்ளே இருக்கிற சேறு பழசு" என்றார். எனக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

ஆகவே வண்டி சூடாகிறது என்றவுடன் ரேடியேட்டரைக் கழற்றாதீர்கள். முதலில் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஹோஸ் பைப் ஊறி நசுங்குகிறதா, தண்ணீர் பம்பின் கீழ்த் துளையில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டினால் விடாமல் குமிழி வருகிறதா? ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, வண்டியை நகர்த்தவே கூடாது. இவற்றை ரேடியேட்டர் மாற்றித் தீர்க்க முடியாது. கோழி எரு, வைக்கோல், தேங்காய் மஞ்சி ஏற்றும் வண்டிகளில் தகடுகளுக்கு நடுவே இறகும் தூசும் அடைத்துக் காற்றே போகாமல் இருப்பதும் உண்டு. ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்தாலே சரியாகிவிடும். சர்வீஸ் ஸ்டேஷனில் வேகமாக அடிக்கும் தண்ணீர் தகட்டை மடக்கிவிடும், கவனம்.

எல்லாம் பார்த்தும் ரேடியேட்டர்தான் என்று தெரிந்தால், என் ஓட்டு செம்பு, பித்தளைக்கே. உங்கள் பழைய பித்தளைத் தொட்டிகள் நன்றாயிருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு நடுவில் புதுக் கோர் மட்டும் போட்டுக்கொள்ளலாம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இதைச் செய்யும் பட்டறைகள் உண்டு. அலுமினியம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அது எடை குறைவு, சூட்டையும் நன்றாகக் கடத்தும், புது வண்டிகளெல்லாம் அதில்தான் வருகின்றன. ஆனால் கூலண்ட் இல்லாத உப்புத் தண்ணீர் அதைப் புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை போடும். பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் ஈயம் வைக்கவும் முடியாது. வழியில் நின்றால் எந்த ஊர்ப் பட்டறையிலும் பற்ற வைத்துக்கொள்ளக் கூடியது செம்பு ரேடியேட்டர். பழைய வண்டிக்கு அந்த வசதிதான் முக்கியம்.

கோர் போடும்போது பழையதில் குழாய்கள் எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு வரிசை இருந்த இடத்தில் மூன்று வரிசை வைத்து அனுப்புவது உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, மலை ஏறும்போதுதான் தெரியும். வேலை முடிந்ததும் வாய்களை அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வரவில்லை என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். இன்னொன்று: கழற்றிய பழைய கோர் உங்களுடையது. அது செம்பும் பித்தளையும். காயலான் கடையில் கிலோ என்ன விலை என்று விசாரித்து, கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

மாட்டுமுன் எஞ்சினைக் கழுவ வேண்டும். பிளாக் திருகைத் திறந்து, ஹோஸ் வழியாக எதிர்த் திசையில் தண்ணீர் விட்டு, தெளிந்து வரும்வரை கழுவ வேண்டும். பொருக்கு கெட்டியாக இருந்தால் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, கரைத்த தண்ணீரைப் பட்டறைக்காரர் சொல்லும் அளவில் விட்டுச் சிறிது நேரம் ஓட்டிப் பிறகு நன்றாக அலசலாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொருக்கோடு நிற்காது, உலோகத்தையும் ஈயப் பற்றையும் தின்றுவிடும். ரேடியேட்டர் உட்காரும் ரப்பர் புஷ்களையும் புதிதாகப் போடுங்கள். நம் தோட்டத்துத் தடங்களில் சேஸிஸ் முறுக்கும்போது ரப்பர் இல்லாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் ரேடியேட்டரில் இறங்கிப் பற்று விட்டுப்போகும்.

மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். அது அழுத்தம் பிடிப்பதற்காக வைத்தது. ஒரு பவுண்டு அழுத்தத்துக்குச் சுமார் ஒன்றரை டிகிரி கொதிநிலை கூடும். ஏழு பவுண்டு மூடி சரியாக இருந்தால் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காது. மூடி கெட்டிருந்தால், கொல்லிமலை உயரத்தில் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி தொலைந்து துணி அடைத்து ஓடும் வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். சூடான வண்டியில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அதே போன்ற தவறு. எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடி, டீசலையும் லைனரையும் தின்னும்.

பிறகு தண்ணீர். கூலண்ட் விலையைப் பார்த்துப் பின்வாங்குகிறோம். ஒரு லோடு கிழங்கோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்கி, டப்பாவில் எழுதியுள்ள விகிதத்தில் கலக்க வேண்டும். கலக்கும் தண்ணீர் மழைத் தண்ணீராகவோ, ஆர்.ஓ. தண்ணீராகவோ இருக்கட்டும். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் இரண்டு கேன் பிடித்து மூடி வைத்தால் வண்டிக்கு ஒரு வருஷத்துக்குப் போதும்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். அது இனிக்கும். வடித்துக் களத்தில் விட்டால் நாயும் கோழியும் கன்றும் நக்கிக் குடிக்கும், குழந்தைகளும் தொடும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் கெடும். பழைய கூலண்டை வாய்க்காலில் விடாமல் கேனில் பிடித்துப் பட்டறையிலேயே கொடுத்துவிட வேண்டும். மாடு குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

சேகோ ஆலைக்காரர்களுக்கும் முட்டைப் பண்ணைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலையும் பண்ணையும் நடப்பது நம் வண்டிகளால். ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் விட்டால் என்ன? வரிசையில் மணிக்கணக்காக நிற்கும் வண்டிக்கு நான்கு லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்கும். நாங்கள் கேட்ட ஓர் ஆலையில் சென்ற மாதம் குழாய் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மற்ற ஆலைகளிலும் உங்கள் ஊர்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.