சொன்ன பிறகு என்ன?

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் ஐந்து ரதங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அவற்றில் பெரியது தர்மராஜ ரதம். அதன் கீழ்த்தளத்துச் சுவரில் அர்த்தநாரி சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பாதி ஆண். மறு பாதி பெண். சுமார் 1,300 ஆண்டுகளாகக் கடற்காற்றில் நிற்கிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கம் சொல்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பத்து ஆண்டு கழித்து, "அம்மா, நான் மனத்தால் பெண். இனி அப்படித்தான் வாழப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? தத்துவம் வேறு, வாழ்க்கை வேறு என்பார்கள். இருக்கட்டும். வாழ்க்கையைப் பற்றியே பேசுவோம்.

முதலில் அழுகை. பிறகு அடி. பிறகு மந்திரிப்பு, தாயத்து. "ஊர் என்ன சொல்லும்? தங்கைக்கு வரன் வருமா?" என்ற கேள்வி. மகள் "நான் ஆண்" என்று சொன்னாலும் இதே கதைதான். கடைசியில் பிள்ளை வீட்டை விட்டு ஓடுகிறது. படிப்பு போகிறது. கடைத்தெருவில் கை தட்டிக் காசு கேட்கும்போது அதே ஊர் ஏசுகிறது. துரத்தியது யார்?

திருநங்கையரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது குற்றம் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. நல்ல சட்டம்தான். ஆனால் பெற்ற தாய் மீது எந்தப் பிள்ளை போலீசில் புகார் கொடுக்கும்?

வேலை செய்யும் இடத்தில் வேறு வகைச் சங்கடம். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி 2015-ல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். மனு தள்ளப்பட்டது. அவர் விடவில்லை, ஐகோர்ட்டுக்குப் போனார். பிறகு 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு வினாடி பிந்திவிட்டார் என்று இன்னொரு தடை. 2015 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு அவருக்கு வேலை கொடுக்கச் சொன்னது. வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரி போலீஸ் பயிற்சியகத்தில், அதாவது இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பயிற்சி முடித்து 2017-ல் தர்மபுரியில் பொறுப்பேற்றார்.

எல்லாரும் கோர்ட்டுக்குப் போக முடியுமா? மறைமலை நகரிலும் சிறுசேரியிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். ஒருவர் ஒரு நாள் சேலை கட்டி வந்து, "இனி என் பெயர் இது" என்றால் மேலாளர் என்ன செய்யவேண்டும்? வருகைப் பதிவேட்டில் பெயரை மாற்றவேண்டும். எந்தக் கழிப்பறை என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யவேண்டும். பழைய பெயரைச் சொல்லிச் சிரிப்பவரை ஒரு முறை கண்டிக்கவேண்டும். இவ்வளவுதான். காசு செலவில்லை. புகார் கேட்க ஓர் அதிகாரியை ஒவ்வொரு நிறுவனமும் நியமிக்கவேண்டும் என்றும் 2019 சட்டம் சொன்னது. அவர் பெயர் எத்தனை அறிவிப்புப் பலகைகளில் இருக்கிறது?

பெற்றோருக்கு ஒரு செய்தி. 2021-ல், சேர்ந்து வாழ விரும்பிய இரு பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. வேறு வகை வழக்குதான். பெற்றோரை மனநல ஆலோசனைக்கு அனுப்பிய அவர், தமக்கும் இது புரியவில்லை என்று தாமே ஒரு நிபுணரிடம் போய்ப் பாடம் கேட்டார். இத்தகையவர்களை வைத்தியத்தால் 'மாற்ற' முயல்வதற்கும் தடை விதித்தார்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை இழுத்துப் போகாதீர்கள். தகப்பனாரும் தாயாரும் நீங்களே போய், உங்கள் சந்தேகங்களைக் கேட்டு வாருங்கள்.