தெருவில் நின்ற யந்திரம் பூட்டிய அறைக்குள் போவதேன்?

“விளையாட்டு யந்திரத்தின் விலை ஏறினால் நமக்கென்ன? அரிசி விலை ஏறுவதைப் பற்றி எழுதுங்கள்!” என்று ஆலை வாசலில் நிற்கும் தோழர் கேட்கலாம். களத்துமேட்டில் நிற்கும் தோழரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தட்டுப்பாடு என்பது எப்படி உண்டாகிறது? அதை வைத்து விலையை ஏற்றுவது யார்? அந்த ஏற்றத்தில் பறிபோவது யாருடைய பொருள்? இவற்றையெல்லாம் இந்த யந்திரங்களின் கதை பளிச்சென்று காட்டுகிறது. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரு படக்குழாய், ஒரு மின்பலகை. வெளியே ஒரு கைப்பிடி, இரண்டு பொத்தான்கள், காசு போட ஒரு துளை. அவ்வளவுதான் யந்திரம். அமெரிக்காவில் 1972-ல் அடாரி கம்பெனி ‘பாங்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஜப்பானில் 1978-ல் டைட்டோ கம்பெனியின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்தது. 1980-ல் நாம்கோவின் ‘பாக்-மேன்’ வந்தது. மதுக்கடை, சலவைக்கடை, தெருமுனைக் கடை என்று எங்கு பார்த்தாலும் இந்தப் பெட்டிகள் நின்றன. அங்கே ஓர் ஆட்டத்துக்குக் கால் டாலர். ஜப்பானில் நூறு யென்.

1981-ல் அமெரிக்க மக்கள் இவற்றில் போட்ட காசு 500 கோடி டாலர் என்று ‘டைம்’ பத்திரிகை 1982 ஜனவரியில் கணக்குச் சொன்னது. கால் டாலராக எண்ணினால் 2,000 கோடி நாணயங்கள்! அன்று அந்நாட்டின் மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 செண்ட். ஒரு மணி நேர உழைப்புக்கு 13 ஆட்டம் ஆடலாம். ஆம், இந்த யந்திரங்களை வாழ வைத்தது சாதாரண ஜனங்களின் சில்லறைக் காசு.

அப்படி ஊரெல்லாம் நின்ற பெட்டி இன்று கிடைக்காத பொருளானது எப்படி?

முதல் காரணம், அதை வைத்திருந்த வியாபாரிகளே. புதிய ஆட்டம் வந்தவுடன் பழையதில் வசூல் குறையும். உடனே பெட்டிக்கு வேறு வர்ணம் அடித்து, பலகையை மாற்றிவிடுவார்கள். பழைய ஆட்டம் குப்பைக்குப் போகும். ‘ராடார் ஸ்கோப்’ கதையைப் பாருங்கள். நிண்டெண்டோ கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பிய 3,000 பெட்டிகளில் சுமார் 1,000 தான் விற்றன. மீதி 2,000 சியாட்டில் நகருக்கு அருகே கிடங்கில் தூங்கின. 1981-ல் அந்தச் சிறிய அலுவலகத்தைச் சேர்ந்த ஒரு சிலரே பெட்டி பெட்டியாகத் திறந்து, உள்ளிருந்ததை மாற்றி, ‘டாங்கி காங்’ என்ற புதிய ஆட்டமாக ஆக்கினார்கள். அது சக்கைப்போடு போட்டது. விளைவு? மாற்றப்படாமல் தப்பிய ராடார் ஸ்கோப் இன்று அபூர்வம். அந்தக் கைகள் மாற்றிய சிவப்புப் பெட்டி டாங்கி காங்குக்கும் தனிக் கிராக்கி. அன்று விலைபோகாத சரக்கு, இன்று விலைமதிப்பற்ற சரக்கு!

இரண்டாவது காரணம் காலம். படக்குழாய் செய்த தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. 1981-ல் வந்த ‘டெம்பெஸ்ட்’ போன்ற ஆட்டங்களுக்குக் கோடுகளால் படம் வரையும் தனி வகைக் குழாய் வேண்டும். அது பழுதானால் இன்னொரு பழைய பெட்டியிலிருந்து கழற்றித்தான் போடவேண்டும். இது போதாதென்று கம்பெனிகளும் தம் பங்குக்குக் கண்ணி வைத்தன. காப்காம் கம்பெனி 1993-ல் கொண்டுவந்த பலகையில் ஒரு சிறு மின்கலம் இருக்கிறது. ஆட்டத்தைத் திறக்கும் ரகசியச் சாவி அந்த மின்கலத்தின் தயவில்தான் உயிரோடு இருக்கும். மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும். பலகை வெறும் தகடு! யாரும் படியெடுத்துவிடக் கூடாதே என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. காசு கொடுத்து வாங்கியவனின் கையிலேயே பொருள் சாகும்படி செய்த புண்ணியவான்கள்! பல ஆண்டுகள் பாடுபட்டு ஆர்வலர்கள் இந்தப் பூட்டை உடைத்தார்கள். சாவியை மீண்டும் பலகையில் ஏற்றும் வழியை 2016-ல் வெளியிட்டார்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. பணம் படைத்தவர்களின் கிராக்கி. 1983-ல் அமெரிக்காவில் இந்த வியாபாரம் சரிந்தபோது, இடத்தை அடைக்கிறதே என்று யந்திரங்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். இன்றோ 1982-ல் அடாரி சுமார் 500 மட்டுமே செய்த ‘குவாண்டம்’ பத்தாயிரம் டாலரைத் தாண்டிப் பேசப்படுகிறது. அமெரிக்க மத்திய சட்டப்படி 2009-ல் அமலுக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 செண்ட். அந்தக் கூலிக்காரர் ஒரு வாய் சோறு உண்ணாமல், தினம் எட்டு மணி நேரம் வேலை செய்தாலும் 173 நாள் உழைத்தால்தான் பத்தாயிரம் டாலர் சேரும். அன்று ஒரு மணி நேரக் கூலியில் 13 முறை ஆடிய அதே வர்க்கத்தின் நிலை இது!

2020-ல் கொள்ளைநோய் வந்து ஆட்டக்கூடங்கள் பூட்டப்பட்டன. வீட்டில் அடைபட்ட வசதிக்காரர்கள் யந்திரங்களைத் தேடித் தேடி வாங்க, விலை இன்னும் எகிறியது. கலிபோர்னியாவின் பானிங் என்ற ஊரில் பொதுமக்கள் வந்து ஆடிய ஒரு காட்சிசாலை இருந்தது. 2021 செப்டம்பரில் அதன் 1,100-க்கும் மேற்பட்ட யந்திரங்கள் ஏலத்தில் சிதறிப்போயின.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். சேகரிப்போர் எல்லோரும் பதுக்கல்காரர்கள் அல்ல. கம்பெனிகள் குப்பையில் எறிந்ததைப் பொறுக்கி, பற்றவைப்புக் கோலும் கையுமாக உட்கார்ந்து உயிர் கொடுத்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் இல்லாவிட்டால் இன்று பேசுவதற்கே யந்திரம் இருக்காது. அவர்களுக்கு நம் மரியாதை உரியது. நாம் எதிர்ப்பது ஆட்டத்தையும் ஆடும் ஜனங்களையும் பிரித்து, தட்டுப்பாட்டையே சொத்தாக்கிக்கொள்ளும் போக்கை.

அந்தப் போக்கு எங்கே கொண்டு விடும் என்பதற்கு ‘அக்கா ஆர்’ ஓர் உதாரணம். அடாரி 1982-ல் செய்து பார்த்து, வசூலாகாது என்று கைவிட்ட ஆட்டம். உலகில் மூன்று பெட்டிகள் இருப்பதாகத்தான் தெரியவந்தது. மூன்றும் தனியார் கையில். உள்ளேயிருக்கும் சில்லுகளைப் படியெடுத்துப் பாதுகாக்கலாமே என்று கேட்டவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வழி பிறக்கவில்லை. மூன்று பெட்டியும் பழுதாகியிருந்தால் அந்த ஆட்டம் பூண்டோடு அழிந்திருக்கும். 2019-ல் அதன் படி திடீரென்று பொதுவெளிக்கு வந்தது. யாரோ ரிப்பேருக்கு வந்தவர் களவாகப் படியெடுத்தார் என்று வதந்தி எழுந்தது, அது நிரூபணமாகவில்லை. களவு இருந்தால் அதை நாம் மெச்சவில்லை. ஆனால் என்ன நடந்தது? உலகம் முழுவதும் ஜனங்கள் அதை ஆடிப் பார்த்தார்கள். 2022-ல் அடாரி தன் ஐம்பதாண்டுத் தொகுப்பிலேயே அதைச் சேர்த்து விற்றது. பொருள் பொதுவானபோது யாருக்கும் குடி மூழ்கவில்லை!

வழி இல்லாமலில்லை. 1997-ல் இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய ‘மேம்’ என்ற கூட்டு முயற்சி ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் உள்வேலையைச் சாதாரணக் கணினியிலே இயங்கச் செய்திருக்கிறது. 2016-ல் அது திறந்த மூல உரிமத்துக்கு மாறியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ‘ஃபன்ஸ்பாட்’ கூடத்தில் பழைய யந்திரங்களுக்கு ஒரு காட்சிசாலையே உண்டு. அங்கே அவை கண்ணாடிக்குள் இல்லை; வில்லை போட்டு யாரும் ஆடலாம். இல்லினாய் மாநிலத்தில் 2010-ல் தொடங்கிய ‘காலபிங் கோஸ்ட்’ கூடத்தில் ஒரு நுழைவுக் கட்டணம் கட்டினால் நாள் முழுவதும் ஆடலாம். அதுவும் வியாபாரந்தான். ஆனால் யந்திரம் ஜனங்களின் கையில் ஓடுகிறது.

கதிர் சுழன்றால்தான் நூல். சுழலாத கதிர் துருப்பிடிக்கும் என்பதை ஆலைத் தொழிலாளிக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சரிசெய்யத் தெரிந்த கடைசி பிட்டரும் போய்விட்டால் யந்திரம் இருந்தும் இல்லாததுதான். விளையாட்டு யந்திரத்துக்கும் இதே நியதி. ஆகவே கம்பெனிகள் தாங்கள் இனி விற்காத ஆட்டங்களின் வரைபடங்களையும் நிரல்களையும் காட்சிசாலைகளுக்குக் கொடுக்கட்டும். சேகரிப்போர் பூட்டிய அறையைத் திறந்து படியெடுக்க விடட்டும். ரிப்பேர் தெரிந்த கைகள் அடுத்த தலைமுறைக்குத் தொழிலைச் சொல்லித்தர வழி செய்யட்டும்.

பெட்டி யாருடையதாகவும் இருக்கட்டும். அதை வளர்த்தது ஜனங்களின் காசு. அந்த ஆட்டம் ஜனங்களுக்கே திரும்பட்டும்!